நீலப்புள்ளி திருக்கை: பேரு, குடும்பம் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, எகிப்துல செங்கடல்ல ஸ்னோர்க்லிங் போனப்போ பாறைக்கு அடில பளீர்னு நீலப்புள்ளியோட ஒரு திருக்கை பாத்தேன், கைடு டேனியூரா லிம்மான்னாரு. யாரு வச்ச பேரு இது?

பதில்: பீட்டர் ஃபோர்ஸ்கால். உயிரினங்களுக்கு ரெட்டைப்பேரு வைக்கிற முறைய கொண்டுவந்த லின்னேயஸோட சிஷ்யன். டென்மார்க் ராஜா அனுப்புன அரேபியா பயணத்துல போனவரு, 1763ல யேமன்ல மலேரியா வந்து செத்துட்டாரு பாவம், அந்த குழுவுல உயிரோட ஊர் திரும்பின ஒரே ஆளு நீபூர்தான் இவரோட குறிப்பெல்லாம் 1775ல புக்கா போட்டாரு. அதுல பேரு ராஜா லிம்மா. நம்ம ராஜா இல்ல, லத்தீன்ல திருக்கைக்கு அப்படி பேரு, அப்பல்லாம் எந்த திருக்கைய பாத்தாலும் ராஜாலதான் போடுவாங்க. லிம்மான்னா கிரேக்கத்துல அழுக்குன்னு சொல்றாங்க, இவ்ளோ அழகான மீனுக்கு அது எப்படி தோணுச்சோ!

கேள்வி: சார், மீன் பேருக்கு பின்னாடி ஃபோர்ஸ்கால் 1775ங்கறத ஏன் அடைப்புக்குறிக்குள்ள போடுறாங்க?

பதில்: நல்ல கேள்வி. பேரு வச்சவர் போட்ட பேரினத்துல (ரெட்டைப்பேருல முதல் பேரு, நெருங்கின சொந்தக்கார இனங்களோட கூட்டம்) இப்ப அந்த மீன் இல்லன்னா அடைப்புக்குறி வரும். ராஜாலேர்ந்து டேனியூராவுக்கு மாத்திட்டாங்கல்ல, அதான். டேனியூரா முல்லரும் ஹென்லேயும் உண்டாக்குன பேரினம், ரிப்பன் வால்னு அர்த்தம். லிம்மா மட்டும் 1775லேர்ந்து கூடவே வருது.

கேள்வி: கருப்பு வெள்ளை புள்ளி போட்ட பெரிய திருக்கை, மேயேனி, அதுவும் டேனியூராதானே ப்ரோ?

பதில்: பழைய புக்ல அப்படித்தான் இருக்கும், இப்ப அது டேனியூராப்ஸ்ங்கற வேற பேரினம். 2016ல லாஸ்ட், நேலர், மஞ்சாஜி-மாட்சுமோட்டோ இந்த மூணு ஆராய்ச்சியாளர்களும் இந்த திருக்கைங்க இருக்கற டாஸ்யாட்டிடே குடும்பத்தையே டிஎன்ஏவும் உடலமைப்பும் வச்சு திருப்பி அடுக்குனாங்க, நாலு துணைக்குடும்பம் வந்துச்சு, அதுல லிம்மா நியோட்ரைகானினேல, மேயேனி டாஸ்யாட்டினேல. ஒரே வீட்ல இருந்தவங்க இப்ப வேற வேற தெருவுல. வால் பாத்து சேத்தது தப்பா போச்சு.

கேள்வி: தம்பி, எங்க ஊரு வலைல வர்ற நீலப்புள்ளி திருக்கையும் இதேதானா? பழைய லிஸ்ட்ல குலீன்னு போட்டிருக்கு.

பதில்: வால பாருங்கண்ணே. கருப்பு வெள்ளை வளையம் இருந்து, கண்ணுக்கு குறுக்க முகமூடி மாதிரி கருப்பா ஒரு பட்டை இருந்தா அது நியோட்ரைகான்ங்கற வேற பேரினம். லிம்மாவுக்கு வாலோட ரெண்டு பக்கமும் நீலக்கோடு ஓடும், முகமூடி இருக்காது. குலீங்கறது அந்த நியோட்ரைகான்ல ஒரு இனத்தோட பேரு, பெரிய தலைவலி, இந்திய பெருங்கடல்லேர்ந்து மேற்கு பசிபிக் வரைக்கும் எல்லாத்தயும் அந்த ஒரே பேர்ல போட்டு வச்சிருந்தாங்க, பிரிச்சு பாத்தா பல இனம். அதுல நம்ம பக்கத்து மீனுக்கு 2018ல நியோட்ரைகான் இண்டிகான்னு தனிப்பேரே வந்துடுச்சு. லிஸ்ட்ல குலீன்னு பாத்தா ஒரு கேள்விக்குறி போட்டுக்கோங்க.

கேள்வி: அப்ப லிம்மாவயும் உடைப்பாங்களா?

பதில்: ஏற்கனவே உடைச்சாச்சு! பப்புவா நியூகினி, சாலமன் தீவு பக்கம் இருக்கறது 2016லேர்ந்து டேனியூரா லெஸ்ஸோனி. அதுக்கு வால்ல அந்த நீலக்கோடு கிடையாது. நீங்க பாத்தது செங்கடல்ல, அதனால உங்களுது சுத்தமான லிம்மா, கவலைப்படாதீங்க.