ஆறாத அண்டா: சமையலறை ஆய்வாளரிடம் கேள்வி பதில்

உணவகச் சமையலறைகளை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் நாளையும் கேளுங்கள். உரிமம், கட்டணம், அபராதம் பற்றி மட்டும் வேண்டாம். அவை ஊருக்கு ஊர் மாறும். கிருமிக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

புதிதாக உணவகம் தொடங்குபவர்: ஆய்வாளர் உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்ப்பார், அம்மா?

மற்றவர்கள் எப்படியோ, நான் கை கழுவும் தொட்டியைப் பார்ப்பேன். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் அது காய்ந்து கிடந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். சோப்பு இல்லாமல், உள்ளே பாத்திரங்கள் குவிந்திருந்தால் மீதிக் கதையும் புரிந்துவிடும். அடுத்து குளிர்பெட்டி. பச்சை இறைச்சி மேல் தட்டிலும் சமைத்தது கீழ்த் தட்டிலும் இருக்கிறதா? இருந்தால் தவறு. பிறகு, இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தின் நடுவில் வெப்பமானியைச் செருகுவேன். சுவரில் படிந்த எண்ணெய்க் கறை பார்க்கச் சகிக்காது, எழுதியும் வைப்பேன். ஆனால் அதனால் ஒருவர் மருத்துவமனைக்குப் போனதை நான் கண்டதில்லை.

ஒரு மேலாளர்: ஆய்வு எந்த நாளில் வரும் என்று முன்பே அறிய வழி உண்டா?

இல்லை.

இரவுப்பணிச் சமையற்காரர்: மீந்த சோற்றை வெளியே வைத்து, காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டால் கிருமி செத்துவிடும்தானே?

கிருமி சாகும், அது விட்டுச்சென்ற நச்சு சாகாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா வித்து வடிவில், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில், இருக்கும். சோறு வேகும் சூட்டை அந்த வித்து தாங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சை 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. உங்கள் அடுப்பு என்ன செய்யும்? சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். மோந்து பார்த்தாலும் ருசி பார்த்தாலும் தெரியாது. சூடாகவே வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல். குளிரில் என்றால் 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருக்கும் நேரம்தான் ஆபத்து. வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.

பரிமாறுபவர்: கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம்தானே, மேடம்?

கழுவிய பிறகுதான் போட வேண்டும். கையுறையோடு பச்சைக் கோழியைத் தொட்டு, அதே கையால் தட்டை எடுப்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெறுங்கையில் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் அந்த உணர்வும் போய்விடுகிறது.

ஒரு வாடிக்கையாளர்: நேற்று வெளியே சாப்பிட்டேன், இன்று வாந்தி. எந்த உணவகத்தின் மீது புகார் கொடுக்கலாம்?

முதலில் மருத்துவரிடம் போங்கள். மூன்று நாட்களாகச் சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று அவசரப்பட வேண்டாம்.

முப்பது ஆண்டு அனுபவமுள்ள சமையற்காரர்: அம்மா, நான் பெரிய அண்டாவில் இறைச்சி சூப் காய்ச்சுகிறேன். இரவு மூடி வைத்துவிட்டு, காலையில் ஆறிய பிறகு குளிர்பெட்டியில் வைப்பேன். சூடாக வைத்தால் பெட்டி கெட்டுவிடும் என்று எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் சொல்வார். இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பெரியவர் சொன்னதில் பாதி சரி. கொதிக்கும் அண்டாவை உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடேறும். அதற்காக இரவு முழுவதும் வெளியே வைப்பதா? இறைச்சிச் சாற்றில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றொரு கிருமி வளரும். அதன் வித்தும் கொதியைத் தாங்கும். 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. சாப்பிட்டவருக்கு வயிற்றுப்போக்கு வருவது பெரும்பாலும் 8 முதல் 16 மணி நேரம் கழித்து. அதற்குள் அவர் இன்னொரு வேளை சாப்பிட்டிருப்பார், பழி அந்தச் சாப்பாட்டின் மேல் விழும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உங்களுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு இறங்க இன்னும் நான்கு மணி நேரம்தான். அண்டாவில் அது நடக்காது, ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி ஆற வையுங்கள்.

அதே சமையற்காரர்: எட்டு மணி நேரத்தில் ஆறாமலா போகும்? தட்டுகளில் ஊற்றிவைத்தால் தூசி விழும். பாதி இரவில் அதைக் கழுவுவது யார்?

தூசியை ஒரு தளர்வான மூடி பார்த்துக்கொள்ளும். தட்டு கழுவும் சிரமம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆறுமா ஆறாதா என்று நாம் வாதாடுவானேன்? இன்றிரவு அளந்து பாருங்கள். வெப்பமானி சரியா என்று முதலில் சோதியுங்கள்: நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும்.

பொறியியல் படிக்கும் மாணவர் (குறுக்கே): கெட்டியான சூப்பாக இருந்தால் ஆழத்தைப் பாதியாக்கும்போது நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அது.

நன்றி, தம்பி. இதைத்தான் இத்தனை ஆண்டுகளாக "ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள்" என்று சொல்லிவந்தேன்.

இன்னொரு மேலாளர்: ஆய்வு வரும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே பாருங்கள்.

உணவக உரிமையாளர்: வயிற்றுப்போக்கு நின்ற பணியாளரை மறுநாளே வேலைக்குச் சேர்க்கலாமா? கைக்குச் சானிட்டைசர் கொடுத்துவிடுகிறேன்.

வேண்டாம். நின்று 48 மணி நேரமாவது ஆகட்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் என்ற கிருமி என்றால், நோய் நின்ற பிறகும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். சாராயம் கலந்த சானிட்டைசர் அதற்குப் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். விடுப்புக்குச் சம்பளம் கொடுங்கள். இல்லையென்றால் நோயை மறைத்துக்கொண்டு வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாவதாக ஒருவர்: மேடம், ஆய்வு தேதி...

ஐயா, தேதியைத் தேடும் நேரத்தில் குளிர்பெட்டியைத் துடைத்திருக்கலாம்.

ஒரு மாணவி: மோந்து பார்த்தால் கெட்டது தெரியாதா?

தெரியாது. சோற்றுக் கேள்வியைப் படியுங்கள். நாற வைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு.

முப்பது ஆண்டு சமையற்காரர் (மறுநாள்): அம்மா, அளந்தேன். இரவு 11 மணிக்கு மூடினேன். காலை 6 மணிக்கு மேலே வெதுவெதுப்புதான். நடுவில் 46 டிகிரி. எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஐஸ் தண்ணீரில் சோதித்துவிட்டு மறுபடி அளந்தேன், அதேதான். தட்டுகளுக்குச் சொல்லிவிட்டேன். அதுவரை ஐஸ் வைத்து ஆற்றலாமா? உள்ளே போடுவதா, வெளியே வைப்பதா?

அளந்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னீர்களே, அதற்கே ஒரு வணக்கம். ஐஸ் வெளியே. தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, சூப்பைச் சிறு பாத்திரங்களாகப் பிரித்து அதில் இறக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். உள்ளே போடுவதென்றால் காய்ச்சும்போதே தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக வைத்து, குடிநீரில் செய்த ஐஸைப் போடலாம்.

அது போகட்டும், அந்த 46 டிகிரி சூப்பைக் கொட்டிவிட்டீர்கள்தானே?