பக்கவாதம்: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?

கேள்வி: 68 வயதாகும் அப்பாவுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணி, நாக்கு குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டி தானாகவே விலகியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டி உருவான காரணம் உள்ளேயே இருக்கிறது. இப்படி வந்து போன பிறகு, முழுப் பக்கவாதம் தாக்கும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

மறுபடி சந்தேகம் வந்தால் பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். உதடு ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்த்தபடி இரு கைகளையும் 10 விநாடி நீட்டச் சொல்லுங்கள். பலவீனமான கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பிக் கீழே இறங்கும். ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதில் ஒன்று தவறினாலும் ஆம்புலன்ஸ்தான். திடீர்த் தள்ளாட்டம், திடீரெனப் பார்வை மங்குதல், இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி ஆகியவையும் அப்படியே. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் ‘கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தூங்கி எழும்போதே கை விளங்கவில்லை என்றால் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்குப் படுத்தவர் 6 மணிக்கு இப்படி எழுந்தால் 8 மணி நேரம் ஆகிவிட்டதாகவே கொள்வார்கள். நடுவில் 3 மணிக்குக் கழிப்பறைக்கு நன்றாக நடந்து போனதை யாராவது பார்த்திருந்தால் கணக்கு 3 மணியிலிருந்து தொடங்கும். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுப்பார்கள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட இதற்கு வாய்ப்புண்டு. ஆகவே தாமதமாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: மாரடைப்புக்குப் போல உடனே ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். பிரஷர் அதிகமாக இருக்கிறதே என்று கூடுதல் மாத்திரையும் வேண்டாம். அடைப்பைத் தாண்டி மூளைக்கு ரத்தம் போக அந்த அழுத்தம் தேவைப்படலாம். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்; விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி கையில் இருந்தால் பாருங்கள், ஏனென்றால் தாழ்சர்க்கரையும் இதே போலத் தோன்றும். அதற்காக வண்டியைக் காக்க வைக்க வேண்டாம்.

சிடி ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் 24 மணி நேரமும் உள்ள மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்புவதில்தான் பலருக்கு நேரம் கைவிட்டுப் போகிறது. கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.