புது யோசனை நின்றுபோனதற்குக் காரணம் சோம்பல் இல்லை

உங்கள் குழு சோம்பேறியாகிவிடவில்லை, பயந்துபோயிருக்கிறது. புது மேலாளர் வந்த ஆறு மாதத்தில் முடிக்கும் வேலைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் ஒரு புது யோசனைகூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எல்லார் முன்னாலும் திட்டுகிறவர் என்றும் சொல்கிறீர்கள். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்திருக்க வேண்டும்.

எத்தனை முடிந்தது என்று எண்ணிப் பார்த்துவிடக்கூடிய வேலையைப் பயந்தவர்களும் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். யோசனை சொல்வது அப்படி இல்லை. தப்பாகப் போனால் அவமானம், சொல்லாமல் இருந்தால் எதுவும் ஆகாது. அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? யோசிக்கும் திறனே அடிபடுகிறது என்பதும் உண்மை. கிறிஸ்டின் போரத், அமீர் எரெஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டவர்கள் ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிப்பதில்கூடப் பின்தங்கினார்கள்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்: கடைசியாக நடந்த நாலைந்து தவறுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் முதலில் யாருக்குத் தெரிந்தது, மேலாளர் காதுக்குப் போக எத்தனை நாள் ஆனது? அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால் பயம்தான். அவர் இல்லாத கூட்டத்தில் பேச்சு எப்படி ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். அங்கேயும் அமைதி என்றால் வேலைப்பளுவைப் பாருங்கள், களைத்துப்போனவர்களும் இப்படித்தான் ஒடுங்கிவிடுவார்கள்.

மேலிடத்தில் புகார் செய்வதாக இருந்தால் தேதி, நடந்தது, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். சக ஊழியர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரைச் சேர்க்காதீர்கள்.