வாசகர் கேள்வி–பதில்: எண்டிங்கன், லெங்னாவ் யூதர்களின் கல்லறைத் தோட்டம்

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு கிராமங்களுக்கு நடுவே, ஊரை விட்டுத் தள்ளி யூதர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏன் அங்கே? எப்போதிலிருந்து?
– சூரிச் வாசகர்

1750-இலிருந்து. நடுவில் இருப்பதற்குக் காரணம், அது இரண்டு ஊர் யூதர்களுக்கும் பொது. அதற்கு முன் இவர்களுக்குப் புதைக்க இடம் ரைன் ஆற்றில், கோப்ளென்ஸ் ஊருக்கு அருகே ஒரு சின்னத் திட்டு. லெங்னாவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிணத்தைக் கொண்டுபோய், ஆற்றையும் கடக்க வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் பெரும்பாடு. நிலம் வாங்க யூதர்களுக்கு உரிமை இல்லாத காலத்தில், கல்லறைக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்தது இவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். திட்டில் மிச்சமிருந்த எலும்புகளையும் கற்களையும் 1950களின் நடுவில்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

1776 முதல் சுவிஸ் நாட்டில் யூதர்கள் குடியிருக்க இந்த இரண்டு ஊர்களில் மட்டுமே அனுமதி. அதுவும் காசு கொடுத்து வாங்கி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்புப் பத்திரத்தின் பேரில். மாட்டு வியாபாரமும் தலைச்சுமை வியாபாரமும்தான் பிழைப்பு. கிறிஸ்தவரும் யூதரும் ஒரே வாசலைப் புழங்கக் கூடாது என்பதால் ஒரே வீட்டுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள் வைத்தார்கள். அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன, நின்று பாருங்கள். எண்டிங்கன் நடுவில் சர்ச் கிடையாது. 1852-இல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயத்தின் கடிகாரம்தான் ஊருக்கே மணி காட்டியது.

கல்லில் எல்லாம் எபிரேய எழுத்து. இறந்த ஆண்டை மட்டுமாவது படிக்க முடியுமா?
– பேர்ன் வாசகி

முடியும். எபிரேயத்தில் எழுத்தே எண். வலமிருந்து இடமாக, பெரிய மதிப்பிலிருந்து சின்ன மதிப்புக்கு வரும். கல்லில் இருப்பது யூத ஆண்டு. பெரும்பாலான கற்களில் அதன் ஆயிரத்தை (5000) விட்டுவிடுவார்கள். எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி, அதோடு 1240 சேர்த்தால் நம் ஆண்டு. உதாரணம்: தாவ், ரேஷ், தாலெத் என்று மூன்று எழுத்து. 400 + 200 + 4 = 604. அதோடு 1240 சேர்த்தால் 1844.

இரண்டு இடத்தில் தவறுவார்கள். முதலாவது, ரேஷும் தாலெத்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தாலெத்தின் வலது மேல்மூலை கூர்மை, ரேஷில் அது வளைவு. கல் தேய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றே. அப்போது இடத்தைப் பாருங்கள்: நூறுகளின் இடத்தில் நிற்பது ரேஷ், கடைசியில் ஒற்றை எண்ணாக நிற்பது தாலெத். மாற்றிப் படித்தால் 196 ஆண்டு பிசகும். ஹே (5), ஹெத் (8) குழப்பத்தில் மூன்று ஆண்டுதான் தவறும், ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, யூத ஆண்டு பிறப்பது செப்டம்பர்–அக்டோபர் வாக்கில். மாதம் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றால் 1240-க்குப் பதில் பொதுவாக 1239 சேர்க்க வேண்டும். தேவேத் மாதம் டிசம்பர்–ஜனவரியில் விழும், அதற்குத் தேதியையும் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

கல்லின் தலையில் விரல் விரித்த இரண்டு கைகள், சிலவற்றில் குடம். என்ன அர்த்தம்?
– லௌசான் வாசகர்

கைகள் இருந்தால் ஆசி வழங்கும் ஆசாரியர், அதாவது யூத குருமார் வம்சத்தவர். குடம் இருந்தால் அவர்களுக்குக் கை கழுவ நீர் ஊற்றும் லேவியர் என்ற குலத்தவர்.

பாசி பிடித்த கல்லைத் தேய்த்துப் படிக்கலாமா?
– பாசல் வாசகர்

கூடவே கூடாது. மணற்கல்லில் கம்பி பிரஷ் போட்டால் பாசியோடு எழுத்தின் விளிம்பும் உதிரும். பிளீச்சிங் திரவம் உப்பை உள்ளே விட்டுவிடும். அது காய்ந்து படிகமாகும்போது மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். மாவு, சாக்பீஸ் பூசி எழுத்தை எடுப்பதும் கெடுதல், மாவில் பூஞ்சை பிடிக்கும். ஒருவர் கண்ணாடி பிடித்துப் பக்கவாட்டில் வெயிலை விழச்செய்ய, இன்னொருவர் போட்டோ எடுத்தால் போதும். காலை அல்லது மாலையில் வெயில் கல்லின் முகத்தை உரசினாற்போல் விழும் நேரம் பார்த்துப் போங்கள்.

எங்கள் ஊர்ச் சிற்றூராட்சிக் கல்லறையில் இருபது, இருபத்தைந்து ஆண்டில் கல்லை எடுத்துவிடுகிறார்கள். இங்கே 200 ஆண்டுக் கல் எப்படி நிற்கிறது? யூதர்கள் எங்கே போனார்கள்?
– ஆராவ் வாசகி

யூத மரபில் புதைகுழி இறந்தவருக்கே என்றைக்கும் சொந்தம், தோண்டி மறுபடி பயன்படுத்த மாட்டார்கள். குத்தகை நிலம் போதாது என்று சொந்த நிலத்துக்காக அவர்கள் பாடுபட்டது இதனால்தான். 1850 வாக்கில் இரண்டு ஊரிலும் சேர்த்துச் சுமார் 1,500 யூதர்கள் இருந்தார்கள். 1866-இல் எங்கும் குடியேற உரிமை கிடைத்ததும் பாடனுக்கும் சூரிச்சுக்கும் போனார்கள். அமெரிக்காவுக்கு 1847-இலேயே போய், அங்கே பெரும் செல்வந்தரான குகன்ஹைம் குடும்பத்தின் மூத்தவர் மையர் குகன்ஹைம் லெங்னாவ்காரர்தான். ஊரில் ஆள் குறைந்தாலும் அடக்கம் இன்றும் இங்கே நடக்கிறது.

போவதானால் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாளும் தவிர்த்துப் போங்கள். ஆண்கள் தொப்பியோ துணியோ கொண்டு தலையை மூடிக்கொள்ள வேண்டும். கல்லறை மேல் இருக்கும் சின்னக் கற்கள் வந்துபோனவர்கள் வைத்தவை, எடுக்காதீர்கள். நீங்களும் ஒன்று வைக்கலாம்.