பக்கத்து வீட்டு மாமா சொல்லிக் குடுத்தது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு நினைச்சே தள்ளிப் போட்டுட்டேன். எங்க பக்கத்து வீட்டு மாமா போன மாசம் தவறிட்டாரு. சொந்தம்லாம் கிடையாது, சின்ன வயசுல இருந்து மாமான்னு கூப்பிட்டுப் பழக்கம், அவ்வளவு தான். சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டுறது, சொட்டுற குழாய்க்கு வாஷர் மாத்துறது, ஃபியூஸ் போனா கம்பி கட்டுறது, சட்டைக்கு பட்டன் தைக்கிறது எல்லாமே அவர்கிட்ட கத்துக்கிட்டது. செய்தி கேட்டதுல இருந்து அவரு கை தான் கண்ணு முன்னாடி வருது, முகம் கூட அப்புறம் தான்.

எனக்கு உறுத்துறது என்னன்னா, எங்க அப்பாவுக்கும் இந்த வேலை எல்லாம் நல்லாத் தெரியும். ஆனா அவர்கிட்ட நான் ஒண்ணுமே கத்துக்கல. ஸ்பேனரை எடுடான்னு சொல்லுவாரு, தப்பான சைஸை எடுத்துக் குடுத்தா பிடுங்கி வச்சுட்டு அவரே முடிச்சிடுவாரு. இப்ப மாமாவுக்காக இவ்வளவு கலங்குறது அப்பாவுக்குப் பண்ற துரோகம் மாதிரி இருக்கு.

என் மனைவி, எல்லாத்துக்கும் தான் யூடியூப்ல வீடியோ இருக்கே, நீங்க சும்மா பழசை நினைச்சு உருகுறீங்கன்னு சொல்றா. இருக்கலாம். இன்னொரு விஷயம், எதிர் ஃப்ளாட்ல ஒரு பையன், பத்து வயசு இருக்கும், நான் சைக்கிளைக் கவுத்துப் போட்டா உடனே வந்து நின்னு பார்க்கிறான். கூப்பிட்டு சொல்லித் தரலாமா? அவங்க வீட்டுல ஏதாவது நினைச்சுக்குவாங்களோன்னு தயக்கமா இருக்கு.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

மாமா போனது வருத்தமா இருக்கு. முகத்துக்கு முன்னாடி கை ஞாபகம் வருதுன்னு எழுதியிருக்கீங்க, வராம எப்படி இருக்கும், அத்தனை வருஷமும் குனிஞ்சு அவரு கையைத் தானே பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க.

அப்பா விஷயத்துக்கு வரேன். துரோகம் கிரோகம்னு பெரிய வார்த்தை எல்லாம் வேணாம். உங்க அப்பா அந்த சைக்கிளைப் பிரிச்சப்ப அது விடியுறதுக்குள்ள ஓடணும், காலையில அவரு வேலைக்குப் போகணும், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் முடிச்சுட்டுத் தான் படுக்கணும். அந்த அவசரத்துல தப்பான ஸ்பேனரை நீட்டுற பையன் இடைஞ்சல் தான். இது பாதி. மீதிப் பாதியை யாரும் வெளிய சொல்றதில்ல. பெத்தவங்க பிள்ளையோட கை தடுமாறுறதைப் பார்க்கும்போது அந்த ஸ்பேனரை மட்டும் பார்க்கிறதில்ல, "இவன் எப்படித் தான் பொழைக்கப் போறானோ"ங்கிற பயத்தையும் சேர்த்துப் பார்க்கிறாங்க, அந்தப் பயம் தான் கோவமா வெளிய வருது, உடனே பிடுங்கிடுறாங்க. மாமாவுக்கு அந்தப் பயம் இல்ல. நீங்க தேறினாலும் தேறலைன்னாலும் அவரு ராத்திரி நல்லாத் தூங்குவாரு. அந்த நிம்மதி இருந்ததால தான் அவரால பொறுமையா இருக்க முடிஞ்சுது. மாமாவுக்குப் பசங்க இருந்தா ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன், "எங்க அப்பாவா, ஸ்பேனரைத் தொடவே விட மாட்டாரே"ன்னு தான் சொல்லுவாங்கன்னு நான் பந்தயமே கட்டுவேன்.

1976-ல டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ்னு மூணு பேரு சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணாங்க. 3, 4, 5 வயசுக் குழந்தைங்க 30 பேரு, ஒண்ணோட ஒண்ணு கோர்க்கிற மாதிரி 21 மரக்கட்டை, அதை வச்சு ஒரு பிரமிடு கட்டணும். கூட ஒரு டீச்சர் உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு இருந்த முக்கியமான கட்டுப்பாடு, குழந்தை தானா எவ்வளவு பண்ண முடியுமோ அவ்வளவும் அதையே பண்ண விடணும், தடுமாறினா முதல்ல வாயால மட்டும் சொல்லணும், அதுலயும் ஆகலைன்னா தான் கை குடுக்கணும். படிக்க சுலபமா இருக்கு, செஞ்சு பாருங்க, எவ்வளவு கஷ்டம்னு தெரியும். எதிர்ல ஒருத்தன் தப்பாப் பண்றான், நமக்கு சரியாத் தெரியும், ரெண்டு செகண்டுல முடிச்சிடலாம், இருந்தும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்னா அது பெரிய தவம். உங்க மாமா இந்த ஆய்வை எல்லாம் படிச்சிருக்க மாட்டாரு, ஆனா பண்ணது இதே தான். பெத்தவங்களுக்கு வராதுன்னு சொல்லல, வரும், என்ன, சொந்தப் பிள்ளைன்னா ரொம்ப மெனக்கெடணும்.

இப்ப உங்க மனைவி கேட்ட கேள்வி. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி, உடனே மறுக்காதீங்க. நாம பார்த்தே இல்லாத மாடல் குழாய் ஒண்ணு வீட்டுல இருக்கு, அதை எந்தப் பக்கம் திருகி எப்படிக் கழட்டுறதுன்னு தெரியலன்னா எந்த மாமாவையும் விட வீடியோ தான் நல்லது, நானும் அப்படித் தான் பண்றேன். ஆனா பஞ்சர் ஒட்டுற வீடியோ ஒண்ணு போட்டுப் பாருங்க. டயர் லீவர் போட்டு டயரை நெம்பி டியூபை வெளிய எடுப்பாங்க, காத்தடிச்சு தண்ணியில முக்கி காத்துக் குமிழி எங்க வருதுன்னு பார்ப்பாங்க, துடைச்சு காய விட்டு உப்புத்தாள் தேய்ப்பாங்க, சொல்யூஷன் தடவுவாங்க, அப்புறம் கட் பண்ணி நேரா பேட்ச் ஒட்டுறதுக்குப் போயிடுவாங்க. நடுவுல சொல்யூஷன் காயணும், சில நிமிஷம் சும்மா இருக்கணும், ஈரம் போய் லேசா பிசுபிசுன்னு வந்த அப்புறம் தான் பேட்சை வச்சு அழுத்தணும், ஈரத்தோட ஒட்டினா அது நிக்காது. புதுசா ஒட்டுறவங்க சொதப்புறது பெரும்பாலும் அங்க தான், ஏன்னா யாராலயும் சும்மா இருக்க முடியல. அந்த சில நிமிஷம் உங்க மாமா என்ன பேசினாருன்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க கத்துக்கிட்ட மத்த விஷயங்கள்ல பாதி அந்த நேரத்துல வந்ததா தான் இருக்கும். வீடியோவுல அதைத் தான் வெட்டிடுறாங்க, வெட்டாம போட்டா எவனும் பார்க்க மாட்டான், அது அவங்க தப்பும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, வீடியோவுக்கு உங்க கை தெரியாது. டியூபை ஒட்டி முடிச்சுட்டு டயருக்கு உள்பக்கம் விரலை விட்டு மெதுவாத் தடவிப் பார்க்காம மாட்டப் போறீங்கன்னு வைங்க, குத்தின முள்ளு இன்னும் அங்கயே இருக்கும், ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள மறுபடி பஞ்சர். வீடியோவுலயும் இதைச் சொல்லியிருப்பாங்க, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா "உள்ள தடவினியா?"ன்னு கேப்பாரு. அந்தக் கேள்வியைக் கேக்க ஆள் வேணும்.

எனக்கும் இப்படி ஒருத்தங்க இருந்தாங்க. பக்கத்து வீட்டு அத்தை, ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க, ஸ்பேனர் பக்கமே போக மாட்டாங்க, அவங்க சொல்லிக் குடுத்தது வேற வகை. கையில சூடு பட்டுடுச்சா, உடனே குழாயைத் திறந்து ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டு, ஐஸ் வைக்காத, டூத்பேஸ்ட் தடவாத, வீங்குறதுக்கு முன்னாடி மோதிரம் வளையல் எல்லாம் கழட்டிடு, கொப்புளத்தை உடைக்காத, பெரிய காயமா இருந்தாலோ முகத்துல பட்டிருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. 20 நிமிஷம்னா கடிகாரம் பார்த்து 20 நிமிஷம், பாதியில எரிச்சல் குறைஞ்சுதுன்னு கையை எடுத்தா விட மாட்டாங்க. அப்புறம் ஆபீஸ் வேலை. ஃபார்ம் கைக்கு வந்ததும் பேனாவை எடுக்காத, கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு தடவை படி, எதைக் குடுத்தாலும் ஒரு காப்பி உன்கிட்ட இருக்கணும், வாங்கினவங்ககிட்ட தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கோன்னு சொல்லுவாங்க. நான் கூச்சப்படுவேன், அவங்க என்னைக் கவுண்ட்டர் முன்னாடி நிக்க வச்சுட்டுப் பின்னாடி பெஞ்சுல போய் உக்காந்துக்குவாங்க. கூட வருவாங்க, ஆனா வாயே திறக்க மாட்டாங்க. (அப்ப எனக்கு அவங்க மேல வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல.)

எங்க வீட்டுல யாருக்கும் இந்த ஆஸ்பத்திரி உலகம், ஃபைல் உலகம் தெரியாது. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973-ல ஒரு கட்டுரை எழுதினாரு. தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்தத் தெரிஞ்சவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டிருக்காரு. அடிக்கடி பார்ப்பேன்னு சொன்னவங்க 17 சதவீதத்துக்கும் கம்மி, எப்பவாவதுன்னு சொன்னவங்க 55 சதவீதத்துக்கும் மேல, மீதிப் பேரு அபூர்வமா தான்னு சொன்னாங்க. அவரு காரணம் சொல்றாரு, நெருக்கமானவங்களுக்கு நமக்குத் தெரிஞ்சதே தான் தெரியும், கொஞ்சம் தள்ளி இருக்கிறவங்க தான் வேற வட்டத்துல இருந்து சேதி கொண்டு வராங்கன்னு. அவரு பேசினது வேலை தேடுறதைப் பத்தி. ஆனா அத்தையை நினைச்சா எனக்கு அந்தக் கட்டுரை தான் ஞாபகம் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க, தினம் கண்ணுல படுவாங்க, ஆனா அவங்க வட்டமே வேற.

அவங்க சொன்னதுல இப்பவும் நான் அதிகமா உபயோகிக்கிறது சாவு வீட்டுக்குப் போறது தான். என்ன பேசுறதுன்னு தெரியலன்னா பேசாத, போனதுக்கு அடையாளமா ரெண்டு வார்த்தை ஒப்பிக்காத, பாத்திரம் குமிஞ்சு கிடந்தா கழுவிப் போட்டுட்டு வான்னு சொல்லுவாங்க. நீங்க மாமா வீட்டுல இப்ப யாரு இருக்காங்கன்னு எழுதல. அவரு வீட்டம்மா இருந்தா போய்ப் பார்த்துட்டு வாங்க, கூட்டமெல்லாம் வந்து போன பிறகு, ஒரு மாசம் ஆன இந்த நேரம் தான் சரி. ஏதாவது குழாய் சொட்டிக்கிட்டு தான் இருக்கும். மெயின் வால்வை மூடிட்டு ஆரம்பிங்கன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

பழசை நினைச்சு உருகுறது பத்தி ஒரு வார்த்தை. எல்லாப் பக்கத்து வீட்டுக்காரங்களும் மாமா இல்ல. வம்பு பேசினவங்க, மார்க்கு கேட்டே கொன்னவங்க, குழந்தைங்ககிட்ட நடந்துக்கக் கூடாத மாதிரி நடந்துக்கிட்டவங்க எல்லாம் அதே தெருவுல தான் இருந்தாங்க. இன்னிக்குப் பெத்தவங்க யோசிக்கிறாங்கன்னா காரணத்தோட தான் யோசிக்கிறாங்க, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். அதனால எதிர் ஃப்ளாட் பையனைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவங்க அம்மா அப்பாவைப் பாருங்க. "இவன் வந்து நின்னு பார்க்கிறான், ஆசையா இருக்கான் போல, பஞ்சர் ஒட்ட சொல்லித் தரட்டுமா, நீங்களும் வாங்களேன்"னு நேரா கேட்டுடுங்க. வேலையை வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க, வராந்தாவுலயோ கீழ பார்க்கிங்லயோ எல்லாரும் போற வர்ற இடத்துல வைங்க. வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க, முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. நான் பார்த்த வரைக்கும் நேரா கேட்டா நிறைய பேரு சரின்னு தான் சொல்றாங்க, சில அப்பாக்கள் தானும் கத்துக்கலாம்னு கீழ இறங்கி வந்துடுறாங்க, அது தான் பெரிய தலைவலி, ஏன்னா அவரு வந்ததும் பையன் கையில இருந்து லீவரைப் பிடுங்குவாரு. அவருக்குத் தனியா ஒரு டியூப் குடுத்து ஓரமா உக்கார வச்சிடுங்க.

உங்க சைக்கிள்ல ஆரம்பிக்காதீங்க, அவன் சைக்கிள்லயே ஆரம்பிங்க. தன்னோடதுன்னா தான் உள்ள தடவிப் பார்ப்பான். பழைய டியூப் ஒண்ணு இருந்தா நீங்களே ஊசியால குத்தி, ஓட்டையை அவனைக் கண்டுபிடிக்க விடுங்க. வாயால சொல்லுங்க, கை உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும். பேட்ச் கோணலா ஒட்டினா ஒட்டட்டும், காத்து நின்னா சரி. வேலை முடிஞ்சதும் சாமானை எல்லாம் துடைச்சு இருந்த இடத்துல வைக்கிறது வரைக்கும் அவன் வேலை தான், அதை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, பாதிப் பேரு கடன் வாங்கின ஸ்க்ரூ டிரைவரை மண்ணோட திருப்பிக் குடுக்கிறது சின்ன வயசுல இதைப் பழகாததால தான்.

பட்டன் தைக்கிறதும் சேர்த்துக்கோங்க. பட்டனைத் துணியோட ஒட்டித் தைக்காம கொஞ்சம் இடம் விட்டுத் தைச்சு, கடைசியில நூலை அடியில நாலஞ்சு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டா தான் ஓட்டையில மாட்டும்போது சுளுவா இருக்கும்னு மாமா உங்களுக்குக் காட்டியிருப்பாரு. ஆம்பளைப் பையன் ஊசி பிடிக்கணுமான்னு யாராவது கேட்டா, சட்டையை யாரு போடுறாங்கன்னு திருப்பிக் கேளுங்க.

கரண்டு வேலை மட்டும் இப்ப வேணாம். மாமா உங்களுக்கு எந்த வயசுல சொல்லிக் குடுத்தாருன்னு தெரியாது, பத்து வயசு பத்தாது, அடுத்த வீட்டுப் பிள்ளை வேற. செய்ய விடாம விளக்க மட்டும் செய்யலாம். வயருல தாங்குறதுக்கு மேல கரண்டு ஓடினா முதல்ல உருகி அறுந்து போறதுக்குன்னே தான் ஃபியூஸ் கம்பி மெல்லிசா இருக்கு, அடிக்கடி போகுதேன்னு தடியா ஒரு செம்புக் கம்பியைக் கட்டிட்டா அது உருகாது, சுவத்துக்குள்ள இருக்கிற வயரு சூடாகித் தீப்பிடிக்கும். உங்க ஃப்ளாட்ல ஃபியூஸ் இருக்காது, ட்ரிப் ஸ்விட்ச் தான் இருக்கும், கதை ஒண்ணு தான். அது திரும்பத் திரும்ப விழுதுன்னா தூக்கி விட்டுக்கிட்டே இருக்கக் கூடாது, எது இழுக்குதுன்னு பார்க்கணும். இதை அவன்கிட்ட சொல்லும்போது மூடி போட்ட பெட்டியை வெளிய இருந்து காட்டுனா போதும், திறக்க வேணாம்.

அன்புடன்,
அக்கா