பாஸ்பேட்டை வைத்தது எந்த கைனேஸ்? – கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து முதுநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

சார், ஒரு கைனேஸ் எந்தெந்தப் புரதத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? (மாணவி, பாலக்கோடு)

கைனேஸ் என்பது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவைக்கும் நொதி. மனிதனிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டும்மா. எல்லாமே ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்துதான் பாஸ்பேட்டை எடுத்து வைக்கின்றன. கிருஷ்ணகிரி மண்டியில் பத்துத் தோப்பு மாங்காயை ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? அதே நிலைமைதான்.

அப்படியென்றால் அடையாளம் போடுவது எப்படி? (மாணவர், அரூர்)

1997இல் வேதியியலாளர் கெவன் ஷோகாட்டின் குழு வி-எஸ்ஆர்சி (v-Src) என்ற வைரஸ் கைனேஸில் வழி காட்டியது. ஏடிபி உட்காரும் பள்ளத்தின் உட்புறத்தில் 'கேட்கீப்பர்' என்ற அமினோ அமிலம் இருக்கிறது. வி-எஸ்ஆர்சியில் அது வரிசையின் 338ஆம் இடத்திலுள்ள ஐசோலூசின். அதைச் சின்னஞ்சிறு கிளைசினாக மாற்றினால் பள்ளம் பெரிதாகும். பென்சைல் என்ற வேதித்தொகுதியை ஒட்டிப் பருமனாக்கிய ஏடிபி அதில் உட்காரும். மற்ற கைனேஸ்களுக்குள் அநேகமாக நுழையாது. அந்த ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டில் கந்தகம் சேர்த்துவிட்டால், கைனேஸ் தொட்ட புரதத்தில் தயோபாஸ்பேட், அதாவது கந்தகம் சேர்ந்த பாஸ்பேட், நிற்கும். அந்தக் கந்தகத்தில் ஒரு வேதித்தொகுதியை ஒட்டி (ஆல்கைலேற்றம்), அதை அடையாளம் காணும் ஆன்டிபாடியால் பிடிக்கலாம்.

அந்த ஏடிபி செல்லுக்குள் போகுமா? (மருந்து நிறுவன ஊழியர், ஓசூர்)

போகாது. மின்னூட்டம் அதிகம். டிஜிடோனின் என்ற வேதிப்பொருளால் செல் சவ்வில் துளை போடுவார்கள், இல்லையென்றால் செல்லையே உடைத்துச் செய்வார்கள். இங்கேதான் மாணவர்களிடம் நான் பிடிவாதமாக இருப்பேன். செல்லை உடைத்துவிட்டால் உயிருள்ளபோது சந்திக்கவே சந்திக்காத புரதங்களும் கைனேஸின் கைக்கு எட்டிவிடும். கிடைக்கும் பட்டியல் 'தொட முடியும்' என்று மட்டுமே சொல்கிறது, 'தொடுகிறது' என்று இல்லை.

நல்லவேளையாக அதே பெரிதாக்கிய பள்ளத்தில், கைனேஸின் வேலையை நிறுத்தும் 1-என்எம்-பிபி1 (1-NM-PP1) என்ற தடுப்பானும் உட்காரும். மாற்றிய கைனேஸ் மட்டுமே உள்ள உயிருள்ள செல்லில் அதைப் போடுங்கள். சில நிமிடங்களில் பட்டியலில் வந்த புரதத்தின் பாஸ்பேட் குறைகிறதா பாருங்கள். பட்டியலும் இந்தச் சோதனையும் ஒத்துவந்தால்தான் நம்புவேன்.

மாற்றினால் கைனேஸ் செயலிழக்காதா சார்? (ஆசிரியை, கிருஷ்ணகிரி)

சிலது செயலிழக்கும், வேறொரு இடத்தில் இரண்டாவது மாற்றம் செய்து மீட்பார்கள். ஈஸ்ட்டில் செல் பிரிவை நடத்தும் சிடிகே1 (Cdk1) கைனேஸ் தாங்கிக்கொண்டது. 2003இல் அதன் மூலம் சுமார் 180 புரதங்கள் பிடிபட்டன.

நம்ம ஊர்க் கல்லூரியில் இதில் ஏதாவது செய்ய முடியுமா? (மாணவர், தர்மபுரி)

முதல் படியைத் தாராளமாகச் செய்யலாம் தம்பி, செலவே இல்லை. யூனிப்ராட் (UniProt) என்ற இணையப் புரதத் தரவுத்தளத்தில் உங்கள் கைனேஸின் அமினோ அமில வரிசையை எடுத்து, வி-எஸ்ஆர்சிக்கு இணையான கோழியின் சொந்தக் கைனேஸான சி-எஸ்ஆர்சியோடு (c-Src) ஒப்பிடுங்கள். அதன் 338ஆம் திரியோனினுக்கு நேராக வருவதுதான் உங்கள் கேட்கீப்பர். பழக்கத்துக்கு முதலில் ஈஸ்ட் சிடிகே1ஐ வைத்துப் பாருங்கள். 88ஆம் பினைல்அலனின் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.