கட்சியில் சேராமல், எல்லாரையும் சேர்த்துப் பேசும் ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் வேலை பார்த்த அனுபவம் உண்டா? போகலாமா?

உண்டு. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், திருப்பூர் மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்றில் சுயேச்சையாக நின்ற ஓர் அக்காவுக்காக அலைந்தேன். தாராளமாகப் போங்கள். ஆனால் சேருவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: எந்தெந்தத் தெருவுக்கு, யார் யார் போகப் போகிறார்கள்?

சாதி மத பேதம் இல்லை என்று எல்லாருமே நோட்டீஸ் அடிக்கிறார்கள், தெருவைப் பிரிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். எங்கள் முதல் கூட்டத்திலேயே ஒருவர், இந்தத் தெருவுக்கு நம்மாளுங்க, காலனிக்கு அந்தப் பசங்க என்று எழுத ஆரம்பித்துவிட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை, எல்லாத் தெருவுக்கும் கலந்துதான் போகணும் என்றார். அப்படித்தான் முதல் நாளே அருந்ததியர் காலனிக்குள் நடந்தேன். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அந்த வழியாகத்தான் சைக்கிள் மிதித்திருக்கிறேன், ஒரு வாசலில்கூட நின்றதில்லை. அன்றைக்குத் திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இத்தனை வருடம் ஏன் நிற்கவில்லை என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மறுநாள் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், "தம்பி எந்தூருங்க, என்ன கூட்டம்?" என்றார். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் சாதிக்குள் இருக்கும் குலம். அதைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டு ஓட்டு வந்திருக்கும், அது நன்றாகவே தெரியும். "சாக்கடை பத்திப் பேசலாங்கய்யா" என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் நோட்டீஸை வாங்கிக்கொண்டார். (சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் சாதி, மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே முறைகேடு.)

அப்புறம் லைன் வீடுகள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை அறைகள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை போனால்தான் ஆள் இருப்பார்கள். ஒரு வரிசை முழுக்க பீகார், ஒடிசாப் பையன்கள். "அங்கெதுக்குங்க்கா, ஒரு ஓட்டுக்கூடத் தேறாதுங்க" என்றார் கூட வந்தவர். "தண்ணி வராதது அவங்களுக்குந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார். இந்தி தெரிந்த ஒரு டெய்லர் பேச்சை மாற்றிச் சொல்ல, பன்னிரண்டு அறைக்கு ஒரே கக்கூஸ் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். அன்று மாலையே அது எங்கள் கோரிக்கைகளில் ஏறியது.

தோற்றோம். ரொம்ப வலித்தது.

தேனியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து பத்து வருடமாக இங்கேயே குடியிருக்கும் பலருக்கு வார்டில் ஓட்டே இல்லை என்பது நடக்கும்போதுதான் தெரிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே லைன் வீடுகளுக்குப் போகிறோம், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. நீங்கள் திருப்பூர்ப் பக்கம் என்றால், தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் இதிலிருந்தே தொடங்குங்கள்.